‘நான்’ என்று சொல்லும்போது நாம் சறுக்கும் இடங்கள்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நடந்த அறிமுகங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“எந்த ஊர்?”

“காரைக்குடி பக்கம்.”

“அட, செட்டியாரா? வீடு அரண்மனை மாதிரி இருக்குமே!”

நான் செட்டியார் இல்லை. எங்கள் வீடு ஓட்டு வீடு. மழை பெய்தால் இரண்டு இடத்தில் பாத்திரம் வைப்போம். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: “செட்டிநாடு சிக்கனுக்கு என்ன மசாலா அரைப்பீங்க?” எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கேள்வியில் ஓர் ஆளைக் கட்டி முடித்து, குடியும் புகுந்துவிட்டார். இதே அவசரத்தை நாம் நம் விஷயத்திலும் காட்டுகிறோம். “நான் யார்?” என்று கேட்கும்போது அதற்குள் நாலைந்து வெவ்வேறு கேள்விகள் கிடக்கின்றன. என் பெயரும் குலமும் என்ன? எந்தெந்த உறவில் நான் என்ன? என் குணம் எப்படி? பத்து வயதில் இருந்தவனும் இன்று இருப்பவனும் ஒரே ஆள்தானா? ஒன்றுக்கு உரிய பதிலை இன்னொன்றுக்குச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்த குழப்பங்களில் முக்கால்வாசி இதிலிருந்து கிளம்பியவை.

முதல் சறுக்கலுக்கு எங்கள் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வீடுகளில் ‘விலாசம்’ என்பார்கள். பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் முன்னோர்களின் முதலெழுத்துகள் அவை. விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தே எந்த ஊர், யார் வீடு என்று சொல்லிவிடுவார். ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்பதும் தெரிந்துவிட்டால், சம்பந்தம் பேசலாமா என்பது வரை போய்விடலாம். கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வரும். கடல் தாண்டி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்களுக்கு, முன்பின் பார்த்திராத ஒருவரை நம்பிப் பணம் கொடுக்க இது எவ்வளவு உதவியிருக்கும்! ஆனால் விலாசம் பதில் சொல்வது “யார் வீட்டுப் பிள்ளை?” என்ற கேள்விக்கு. “எப்படிப்பட்ட பிள்ளை?” என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவனைப் பிள்ளை இல்லாத பெரியப்பா வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள். சுவீகாரம். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. விலாசம் மாறியது, பங்கு மாறியது, அப்பச்சி (அப்பா) என்று கூப்பிட வேண்டிய ஆளே மாறினார். பயல் தடுமாறிப் போயிருப்பான் என்று நினைத்து, கொஞ்ச நாள் பார்த்துப் பார்த்துப் பேசினேன். என்னிடம் வாங்கிய பேனாவை மட்டும் அவன் முன்பு போலவே திருப்பித் தரவில்லை.

அப்படியானால் பெயரும் ஊரும் சாதியும் வெறும் சட்டைதானே, கழற்றி எறிந்தால் உள்ளே சுத்தமான ‘நான்’ இருக்குமே என்று இளவட்டங்கள் கேட்பார்கள். இது எதிர்ப்பக்கத்துச் சறுக்கல். ரிப்பேர் ஆன சைக்கிளைக் கொடுக்கப் பெரிய வீடுகளுக்குப் போவேன். நான் நிற்கும் இடம் முகப்புத் திண்ணையைத் தாண்டியதில்லை. யாரும் விரட்டியதில்லை, மோர்கூடக் கொடுப்பார்கள். ஆனாலும் அந்தப் பெரிய கதவைப் பார்த்ததும் குரல் தானாகக் குறையும். இன்றைக்கும் மேலதிகாரி அறைக்குள் நுழையும்போது எனக்கு வருவது அந்தத் திண்ணைக் குரல்தான். அமெரிக்க சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் இதைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார். அடுத்தவர் கண்ணில் நாம் எப்படித் தெரிவோம் என்று ஊகிக்கிறோம், அதற்கு அவர் என்ன மார்க் போடுவார் என்றும் ஊகிக்கிறோம், பிறகு அதை வைத்துப் பெருமையோ கூச்சமோ படுகிறோம். கவனியுங்கள், இரண்டுமே ஊகம். எனக்கு மோர் கொடுத்த ஆச்சி என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்தது, “வீட்டில் ஒரு மாதிரி, ஆபீசில் ஒரு மாதிரி இருக்கிறேன். அப்படியானால் நான் போலியா?” என்ற கவலை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே சொல்லிவிட்டார், ஒருவரை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ அத்தனை சமூக முகங்கள் அவருக்கு உண்டு என்று. பின்னால் வந்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் இதை நாடக மேடையாகப் பார்த்தார்: ஆட்கள் பார்க்கும் முன்மேடை ஒன்று, ஓய்வாகக் கால் நீட்டும் பின்மேடை ஒன்று. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முகப்பில் கணக்கும் வியாபாரமும், வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய கட்டில்) விசேஷங்கள், அதற்கும் பின்னால் அடுப்படி.

ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பின்கட்டில் இருப்பதுதான் அசல், முன்னால் இருப்பது நடிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படிக் கிடையாது. அடுப்படியில் பத்துப் பேரை விரட்டி வேலை வாங்குகிற ஆச்சி, வளவில் சம்பந்திகள் முன்னால் அளந்து பேசுவார். எது அசல்? இரண்டும்தான். தொனி மாறுவதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் செய்வதை இன்னோர் இடத்தில் இருக்கிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டால், அப்போது உட்கார்ந்து யோசிக்கலாம்.

நம் மொழியே ஒரு பொறி வைத்திருக்கிறது. ‘நான்’ என்றாலே அகந்தை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். “அவனுக்கு நான் என்கிற எண்ணம் ஜாஸ்தி” என்போம். அதனால் தன்னைப் பற்றி யோசிப்பதே தன்னை மெச்சிக்கொள்வது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் நேரே ஆன்மாவுக்குத் தாவிவிடுவார்கள். வேலை போய் உட்கார்ந்திருப்பவனிடம் “நீ இந்த உடம்பே இல்லையப்பா” என்று சொல்வதால் அவனுக்கு என்ன ஆகும்? ஞானிகள் கேட்ட ‘நான் யார்’ வேறு; வேலை போனவன் ராத்திரி மூன்று மணிக்குக் கேட்கும் ‘நான் யார்’ வேறு.

ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவன்கூட “எங்கம்மா” என்றுதான் சொல்வான். இதை வைத்து ‘நமக்கெல்லாம் கூட்டு நான், வெள்ளைக்காரனுக்குத் தனி நான்’ என்று கோடு கிழிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. எல்லாரிடமும் இரண்டும் இருக்கின்றன, அளவுதான் கூடும் குறையும். “எங்க வீடு” என்று பெருமை பேசுகிற அதே வாய்தான் பங்கு பிரிக்கும்போது “என் பங்கு” என்கிறது.

மனம் சோர்ந்திருக்கும்போது உதவுகிற ஒரு பிரிவு உண்டு. டோரி ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1987-இல் சொன்னது: இப்போது இருக்கிற நான், ஆக ஆசைப்படுகிற நான், ஆகியே தீர வேண்டும் என்று கடமையாகக் கருதுகிற நான். ஆசைக்கும் நிஜத்துக்கும் தூரம் கூடினால் பெரும்பாலும் சோர்வும் ஏமாற்றமும் வரும். கடமைக்கும் நிஜத்துக்கும் தூரம் கூடினால் பதற்றமும் குற்ற உணர்வும் வரும் என்பது அவர் கணிப்பு. எனக்கு இது பல தடவை உதவியிருக்கிறது. அப்பா கடையை நான் எடுத்து நடத்தவில்லையே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் வயிறு கலங்கும், சோர்வு வராது. அப்படியானால் அது என் ஆசை இல்லை, யாரோ என் தலையில் ஏற்றி வைத்த கடமை. இது தெரிய எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. இந்தத் தூரத்தைப் பார்த்துவிட்டு “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று முடிப்பதுதான் தவறு. தன்னைப் பற்றிய விவரம் வேறு, தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பு வேறு.

செல்போனில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் உங்கள் ஆளுமை இதுதான் என்று சொல்லும் சோதனைகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 1949-இல் வெளியிட்ட ஆய்வுக்காக உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, தனித்தனியாகக் கணித்ததாகச் சொல்லி ஆளுக்கொரு குறிப்பைக் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரியாக நாலு மார்க்குக்கு மேலேயே போட்டு, “அப்படியே என்னைச் சொல்கிறது” என்றார்கள். எல்லார் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

சரி, இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற ஒன்றுக்கு வருகிறேன். நினைவுதான் ஆளா?

எங்கள் அப்பத்தாவுக்குக் கடைசி நாலு வருஷம் மறதி. என்னைத் தன் தம்பி என்று நினைத்து “வாடா சின்னவனே” என்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் எதிரிலேயே, அவர் அங்கே இல்லாதது மாதிரி, “அதுக்கு ஒண்ணும் தெரியாது, ஆளே போயிருச்சு” என்று பேசுவார்கள். தெரியாமல் இவர்கள் எல்லாரும் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் கட்சி. 1694-இல் அவர் எழுதியது ஏறக்குறைய இதுதான்: பழையதை ‘நான் செய்தது’ என்று உணரும் அந்த நினைவு எவ்வளவு தூரம் எட்டுகிறதோ, அவ்வளவு தூரம்தான் அதே ஆள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் தாமஸ் ரீட் 1785-இல் ஒரு கணக்குப் போட்டு இதை மடக்கினார். பழம் திருடி அடி வாங்கிய ஒரு பையன் வளர்ந்து இளம் அதிகாரியாகப் போரில் எதிரியின் கொடியைப் பிடிக்கிறான், வயதான பிறகு தளபதி ஆகிறான். அதிகாரிக்கு அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறது. தளபதிக்குக் கொடி பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அடி வாங்கியது மறந்துவிட்டது. லாக் சொன்னபடி பார்த்தால் பையனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், ஆனால் பையனும் தளபதியும் ஒருவர் இல்லை! கணக்கு உதைக்கிறது.

அப்பத்தாவிடம் நான் பார்த்தது வேறு. கீரைக்காரம்மா வந்தால், விலை கேட்பதற்கு முன்னால் செம்பில் தண்ணீர் கொடுப்பது அவர் ஆயுள் பழக்கம். என் பெயர் போன பிறகும், தன் கல்யாணமே மறந்த பிறகும், வாசலில் கூடை இறங்கும் சத்தம் கேட்டால் செம்பைத் தேடி எழுந்துவிடுவார். எனக்கு அவர் அதே ஆள்தான். இன்னொரு தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம், வட்டிக் கணக்குகூட. ஆனால் மூளை நோய் வந்த பிறகு வெட்கம் போனது, இரக்கம் போனது. அவர் மகள்தான் அழுதுகொண்டு சொன்னார், “இது எங்க அப்பா இல்லை” என்று. மறதி நோயும் மற்ற மூளை நரம்பு நோய்களும் வந்தவர்களின் குடும்பத்தாரிடம் நினா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் விசாரித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே நிற்கிறது. நினைவு இழப்பைவிட நல்லது கெட்டது தெரிந்து நடக்கும் குணம் மாறியபோதுதான் “இது அதே ஆள் இல்லை” என்று குடும்பத்தார் அதிகம் உணர்ந்தார்கள். நினைவுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மறதி வந்தவர் முன்னால் அவர் இல்லாதது போலப் பேசாதீர்கள்.

அப்பத்தாவை அதே ஆள் என்று சொன்னதில் நானும் ஒரு சறுக்கல் சறுக்கியிருக்கிறேன். ‘அதே ஆள்’ என்பதும் ‘அதே மாதிரியான ஆள்’ என்பதும் ஒன்றில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இடித்த வீடுகளின் தேக்குத் தூண், நிலைக்கதவு எல்லாம் விலைக்குக் கிடைக்கும். ஒரு வீட்டில் உளுத்த தூண்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் அது அதே வீடுதானா? கிரேக்கர்கள் இதை ஒரு கப்பலை வைத்துக் கேட்டார்கள். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து வேறோர் இடத்தில் கட்டினால் எது அசல் கப்பல் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் முடிச்சை இன்னும் இறுக்கினார். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இங்கிருந்து பிரித்துக் கொண்டுபோய்க் கட்டிய செட்டிநாட்டு வீடு ஒன்று நிற்கிறது. தூண் அதே தூண். ஆனால் அதற்குப் பங்காளி கிடையாது, அடுப்படியில் புகை கிடையாது. வளவு அப்படியே இருக்கிறது என்று ஒருவரும், வீடே இல்லை என்று இன்னொருவரும் சொன்னால் இரண்டு பேருமே சரிதான், கேள்வி வேறு. கல்யாணத்துக்குப் பிறகு “நீ பழைய ஆள் இல்லை” என்று சண்டை போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம். ‘நீ மாறிவிட்டாய்’ என்று குறை சொல்வதற்கே, அந்த ‘நீ’ தொடர்ந்து இருந்தாக வேண்டும்.

கடைசியாக, இனிமேல் நான் மாற மாட்டேன் என்ற நினைப்பு. 2013-இல் வந்த ஒரு ஆய்வில் 18 முதல் 68 வயது வரை 19,000 பேருக்கு மேல் கேட்டார்கள். எந்த வயதுக்காரரும் கடந்த பத்து வருஷத்தில் நிறைய மாறியதாகச் சொன்னார்கள்; அடுத்த பத்து வருஷத்தில் பெரிதாக மாறப்போவதில்லை என்றும் சொன்னார்கள். எங்கள் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் 1927-இல் முத்தையாவாகப் பிறந்தவர், சுவீகாரம் போய் நாராயணன் ஆனார், பாட்டெழுதிக் கண்ணதாசன் ஆனார், நாத்திக மேடையில் பேசிவிட்டுப் பின்னாளில் இந்து மதத்துக்கு விளக்கம் எழுதினார். முரண்பாடு என்று சிலர் இன்னும் விரல் நீட்டுகிறார்கள். முப்பது வயதுக் கருத்தை ஐம்பதிலும் சுமக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

போன தை மாதம் ஊருக்குப் போனபோது அந்தச் சுவீகாரம் போன நண்பனைப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கோயில் கணக்குப் பார்க்கிறானாம். ஒரு நம்பரைக் குறித்துக்கொள்ள அவனிடம் பேனா கேட்டேன். கொடுத்தான். பக்கத்திலேயே நின்றான். எழுதி முடித்ததும், நான் சட்டைப் பைக்குக் கொண்டுபோவதற்குள் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.