உறைமோரைப் புளிக்க விடாதீர்கள்: சோர்சிலிருந்து லினக்ஸ் கட்டும்போது கம்பைலர் வேலை

கம்பைலர் என்பது சோர்ஸ் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றும் கருவி. அந்தக் கம்பைலரைக் கட்டவும் ஒரு கம்பைலர் வேண்டும். தயிர் தோய்க்க உறைமோர் தேடுகிற கதைதான். பக்கத்து வீட்டில் வாங்கிய மோர் புளித்திருந்தால் நம் தயிரிலும் அந்தப் புளிப்பு ஏறும். உங்கள் கணினியில் ஏற்கெனவே ஓடும் லினக்ஸ்தான் அந்தப் பக்கத்து வீடு. அதன் ஹெடர்களும் லைப்ரரிகளும் புது கம்பைலருக்குள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முழு லினக்ஸையும் சோர்சிலிருந்தே கட்டச் சொல்லித்தரும், ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் (சுருக்கமாக எல்எஃப்எஸ்) முறையை வைத்தே சொல்கிறேன். 2020இல் வந்த அதன் 10.0 பதிப்பிலிருந்து கம்பைலர் கட்டும் இந்தக் கட்டம் முழுக்க கிராஸ் கம்பைல் முறைக்கு, அதாவது வேறொரு இயந்திரத்துக்காகக் கட்டுவதுபோல் கட்டும் முறைக்கு, மாறிவிட்டது.

படி 1: தனிப் பயனர், வெறும் சூழல்

ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகப் பயனராக) இருந்து கட்டாதீர்கள். எல்எஃப்எஸ் என்றே ஒரு பயனரை உருவாக்கி, பழைய சூழல் மாறிகள் எதுவும் ஒட்டாத ஷெல்லில் உட்காருங்கள். புது பார்ட்டிஷனின் பாதையை எல்எஃப்எஸ் என்ற மாறியில் வையுங்கள். ஒவ்வொரு முறை டெர்மினல் திறந்ததும் அதை எக்கோ செய்து பாருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ராத்திரி ரூட்டாகவே இருந்தபடி ஜிலிப்சியை (பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் சி லைப்ரரி) இன்ஸ்டால் செய்தேன். மாறி காலியாக இருந்தது. ஆகவே புது ஜிலிப்சி நேராக என் மடிக்கணினியின் சொந்த ஜிலிப்சி மேலேயே போய் உட்கார்ந்தது. அடுத்து கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தேன், ஓடவில்லை. எதுவுமே ஓடவில்லை. சாதாரணப் பயனராக இருந்திருந்தால் "அனுமதி இல்லை" என்று ஒரு வரியோடு போயிருக்கும்.

படி 2: பெயரை மாற்றுங்கள்

இந்த முறையின் உயிரே இதில்தான். வழக்கமான 64 பிட் கணினி தன்னை எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-ஜிஎன்யூ என்று சொல்லிக்கொள்ளும். நாம் நடுவில் உள்ள பிசியை எடுத்துவிட்டு எல்எஃப்எஸ் என்று போடுகிறோம். அதே சிபியூ, அதே கணினி, பெயர் மட்டும் வேறு. ஆனால் கட்டும் முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் இதை "வேறு இயந்திரத்துக்கான வேலை" என்று எடுத்துக்கொள்ளும். பழைய சிஸ்டத்தின் யூஎஸ்ஆர் அடைவுக்குள் கை வைக்காது. சிஸ்ரூட் என்று நாம் காட்டிய இடத்தில் மட்டும் தேடும்.

படி 3: பின்யூட்டில்ஸ், ஜிசிசி, ஹெடர்கள், ஜிலிப்சி

வரிசையை மாற்றாதீர்கள். ஜிசிசியும் (நாம் கட்டும் கம்பைலர்) ஜிலிப்சியும் அசெம்பிளரையும் லிங்கரையும் சோதித்துப் பார்த்துத்தான் எந்த வசதிகளைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும். அதனால் அவ்விரண்டையும் கொண்ட பின்யூட்டில்ஸ் முதலில்.

அப்புறம் ஜிசிசி, முதல் சுற்று. அதற்குத் தேவையான கணித லைப்ரரிகளான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றையும் ஜிசிசி சோர்ஸ் அடைவுக்குள்ளேயே பிரித்து வையுங்கள். இன்னும் சி லைப்ரரி பிறக்கவில்லை, எனவே த்ரெட், ஷேர்டு லைப்ரரி போன்றவற்றை அணைத்து ஒரு குட்டி கம்பைலரைத்தான் கட்டுகிறோம். சோர்சுக்குள்ளேயே கட்டாமல், பில்டு என்று தனி அடைவு போடுங்கள்.

கர்னல் ஹெடர்கள் சில நிமிட வேலை. அதை வைத்து ஜிலிப்சி.

எல்லாக் கோர்களையும் ஓட விட்டால் நேரம் மிச்சம். ஏதாவது உடைந்தால் மட்டும் ஒரே ஒரு ஜாபில் மறுபடி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் உண்மையான பிழை இருநூறு வரிக்கு மேலே எங்கோ புதைந்து கிடக்கும். வேகத்துக்காக ஓ3, மார்ச் நேட்டிவ் என்று கம்பைலர் விருப்பக் கொடிகளை ஏற்றும் ஆசையை இந்தக் கட்டத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். தூக்கிப்போடப் போகும் கம்பைலருக்கு எதற்கு நகாசு?

படி 4: இங்கே நின்று சோதியுங்கள்

ஜிலிப்சி முடிந்ததும் ஒன்றுமே செய்யாத ஒரு மெயின் ஃபங்ஷனைப் புது கம்பைலரில் கொடுங்கள். வந்த கோப்பை, அதன் உள்விவரம் காட்டும் ரீட்எல்ஃப் கருவியை வைத்துப் பார்த்தால், நிரலைத் தொடங்கிவைக்க லிப்64 அடைவில் உள்ள எல்டி-லினக்ஸ் லோடரைக் கேட்கிறது என்று தெரிய வேண்டும்.

பலர் இதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், பழைய சிஸ்டத்தின் கம்பைலரும் பல லினக்ஸ்களில் இதே பாதையைத்தான் காட்டும். ஆகவே வெர்போஸ் கொடியோடு மறுபடி ஓட்டி, நிரல் தொடங்கத் தேவையான சிஆர்டி1.ஓ கோப்பை லிங்கர் எங்கிருந்து எடுக்கிறது, ஹெடர்களை எந்த அடைவில் தேடுகிறது என்று பாருங்கள். இரண்டும் எல்எஃப்எஸ் பாதையில் தொடங்க வேண்டும். வெறும் யூஎஸ்ஆர் என்று தொடங்கினால் புளிப்பு உள்ளே வந்துவிட்டது. படி 2க்குத் திரும்புங்கள், ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

படி 5: இரண்டாம் சுற்று

ஜிசிசி சோர்சைப் புதிதாகப் பிரித்து சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ஐக் கட்டுங்கள். பழைய அடைவையே பயன்படுத்தினால் புரியாத பிழைகள் வரும். அப்புறம் பேஷ், கோர்யூட்டில்ஸ், மேக் போன்ற தற்காலிகக் கருவிகள், கடைசியில் பின்யூட்டில்சும் ஜிசிசியும் இன்னொரு தடவை. இந்த இரண்டாவது ஜிசிசி புது ஜிலிப்சியோடு இணைந்து பிறந்தது, சிரூட்டுக்குள் (புது பார்ட்டிஷனையே முழு சிஸ்டமாகக் கருதும் சூழலுக்குள்) நுழைந்த பிறகு வேலை செய்வது இதுதான். உள்ளே மிச்சமிருக்கும் தற்காலிகக் கருவிகளையும் கட்டி முடித்ததும் டூல்ஸ் அடைவை, முதல் சுற்றுக் கம்பைலரோடு சேர்த்து, அழித்துவிடலாம்.