திம்பம் வழியாக வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு

தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றி சத்தியமங்கலம் மார்க்கெட்டில் இறக்குவது என் பிழைப்பு. நடுவில் இருப்பது திம்பம் மலைப்பாதை, முழுக்கக் காடு. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். தார் ரோடு வரைக்கும்தான் நமக்கு உரிமை. அதை விட்டு இறங்கி நடந்தால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைந்த கணக்குதான்.

முதலில் நேரம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை இருக்கிறது. கார், வேன் எல்லாம் இரவு 9 முதல் காலை 6 வரை போகக்கூடாது. ஆம்புலன்ஸுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் விலக்கு உண்டு. லாரிகளுக்குக் கெடுபிடி அதிகம், கிளம்பும் முன் மலையடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டே முக்காலுக்கு வந்து கெஞ்சிப் பயனில்லை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு, ஒன்றில் லாரி மாட்டினாலும் பொழுது போய்விடும். நேரமாகிவிட்டதென்றால் சத்தியிலேயே படுத்துவிடுங்கள்.

அப்புறம் கரும்பு. ஆலைக்குப் போகும் லாரிகளிலிருந்து தின்று பழகிய யானைகள் காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் ரோட்டிலேயே காத்து நிற்கும். பழக்கிவிட்டதே நாம்தான். ஒரு தடவை பாவமே என்று நானும் நாலு கோஸை உருட்டிவிட்டேன். வனக்காவலர் பார்த்துவிட்டார், அபராதம் கட்டினேன். அதைவிட, அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு பெண் யானை குட்டியோடு என் வண்டியின் தார்ப்பாயைத் துழாவியதுதான் குலையை நடுங்க வைத்தது. லோடை இறுக்கி மூடுங்கள். கீழே ஒன்றும் போடாதீர்கள்.

யானை குறுக்கே நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹெட்லைட்டை டிம் செய்யுங்கள். வளைவில் எதிர்வண்டிக்கு ஒரு சின்ன ஹாரன் சரி, யானையைப் பார்த்து அடிக்கவே கூடாது. இஞ்சின் ஓடட்டும். முன்வண்டியை ஒட்டிப் போய் நிற்காதீர்கள், அவர் பின்னால் எடுக்க இடம் வேண்டும். வரிசையைத் தாண்டி முன்னால் போகிற கார்க்காரர்தான் எப்போதும் எல்லாரையும் மாட்டி வைப்பார். குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்றால் நடுவில் புகவே வேண்டாம். அதுவாக விலக அரை மணி ஆனாலும் ஆகும்.

குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். அதை எடுக்க ஓடிவந்துதான் டயரில் சாகிறது. கோடையில் பீடித் துண்டு வெளியே போகக்கூடாது, காட்டில் தீ வைப்பது தனிக் குற்றம்.

வளைவில் ஒன்றுக்குப் போகவும் இறங்காதீர்கள். அந்தக் கட்டைச் சுவர்மேல் சிறுத்தை படுத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். டீயோ மற்றதோ, எல்லாம் மலைமேல் இருக்கும் ஆசனூரில் வைத்துக்கொள்ளுங்கள்.