சின்ன டர்போ இழுக்கவில்லையா? டர்போவை மாற்றுமுன் இரண்டு எஸ்லோன் (பிவிசி குழாய்) மூடி வாங்குங்கள்

போன ஓகஸ்ட்டில் கடுகண்ணாவ ஏற்றத்தில் என் காரை ஒரு த்ரீவீலர் முந்திக்கொண்டு போனது. காரில் நான், மனைவி, மாமி, ஒரு பெட்டி மாம்பழம். ஏசியை நிறுத்தினேன், காலை முழுதாக அழுத்தினேன். சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

கொழும்பு திரும்பியதும் ஒரு கராஜில் காட்டினேன். அங்கிருந்த பாஸ் (மெக்கானிக்) டர்போவின் வாயிலிருந்த ஹோஸைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன விசிறியை விரலால் ஆட்டிக் காட்டினார். "பாருங்கோ, ஆடுது. டர்போ முடிஞ்சுது." சாமானுக்கு இரண்டே முக்கால் இலட்சம், கூலி வேறு. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து உண்மையில் செலவானது பதினொராயிரம் ரூபா, ஒரு ரப்பர் ஹோஸுக்கு. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

என்னுடையது 1 லீற்றர், 3 சிலிண்டர் டர்போ. எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். ரப்பர் எல்லாக் கம்பனிக்கும் ரப்பர்தான்.

டர்போ என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து சொல்லப் போவதில்லை: எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் விசிறி, அவ்வளவுதான். ஒரு கணக்கு மட்டும். டொயோட்டா ரைஸில் வரும் 1கேஆர்-விஈடி எஞ்சின் 996 சிசி. 98 குதிரைவலு, 140 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அதே குடும்பத்தில் டர்போ இல்லாத 1கேஆர்-எஃப்ஈ, அதே 996 சிசியில், 69 குதிரைவலுவும் 92 நியூட்டன் மீற்றரும்தான் தரும். இடையிலுள்ள வித்தியாசம் முழுக்க டர்போ அமுக்கி அனுப்பும் காற்று. அந்தக் காற்று வழியில் ஒழுகினால் உங்களிடம் மிஞ்சுவது 69கூட இல்லை. டர்போ எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள், ஆகவே டர்போ இல்லாத எஞ்சினைவிட அது சோம்பலாகிவிடும். த்ரீவீலர் முந்துவதற்குக் காரணம் இதுதான்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

ஒரு ஓபிடி அடாப்டர் வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே குத்துவது, காரின் கணினி காட்டும் எண்களைப் போனுக்கு அனுப்பும். ஈஎல்எம் 327 என்று நீலநிறப் பெட்டியில் ஆயிரம் ரூபாவுக்கு விற்பதை வாங்காதீர்கள். நான் இரண்டு வாங்கி இரண்டையும் எறிந்தேன். வீகேட் போன்ற கொஞ்சம் நல்லதை வாங்கி, போனில் கார் ஸ்கேனர் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செயலியில் இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) என்று இருப்பதைத் திறவுங்கள். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் கொழும்பில் 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் காட்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். ஐடிலில் 30, 40க்கு இறங்கும். முழுதாக மிதித்து வேகமெடுக்கும்போது 100ஐத் தாண்டி நன்றாக ஏற வேண்டும். 150க்கு மேலே போனால் டர்போ வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சரியான உச்சம் காருக்குக் கார் மாறும். என்னுடையதில் 116க்கு மேல் ஏறவே இல்லை.

இதை வாகன நெரிசலுள்ள காலி வீதியில் (கோல் ரோட்) செய்து பார்க்க முடியாது. ஞாயிறு விடியற்காலை கொட்டாவையில் அதிவேகப் பாதைக்குள் ஏறும்போது பார்த்தேன். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் வீதியைப் பாருங்கள்.

படி 2: விசிறியின் ஆட்டம்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி விசிறியின் நடு நட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிதாக ஆடுவது இயல்பு. அந்தத் தண்டு ஒயில் படலத்தில் மிதந்து சுற்றுவது. நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுக்கு மேல் போகிற சின்ன டர்போக்கள் உண்டு. எஞ்சின் நிற்கும்போது ஒயில் அழுத்தம் இல்லை, ஆகவே ஆடும். பாஸ் எனக்குக் காட்டிய ஆட்டம் இதுதான். முன்னும் பின்னுமாக இழுத்தால் அசைவது கையில் தெரிகிறதா, விசிறியின் ஓரம் சுவரில் உரசுகிறதா, இறக்கைகளில் கடித்த அடையாளம் இருக்கிறதா? அப்படியென்றால் மட்டும் டர்போவைச் சந்தேகியுங்கள். ஹோஸுக்குள் மெல்லிய ஒயில் பூச்சு இருப்பது பரவாயில்லை. தேங்கி நிற்கக்கூடாது.

படி 3: காற்றை அடைத்துப் பார்ப்பது

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் எல்லோரும் காட்டும் முறை இது: ஏர் ஃபில்டர் பக்கத்து வாயை மூடி, அதில் ஒரு டயர் வால்வைப் பொருத்தி, காற்றடித்து, எங்கே சீறுகிறது என்று கேட்பது. நானும் கால் பம்பால் அடித்தேன். வியர்த்துக் கொட்டியதே தவிர முள் அசையவில்லை. காது கொடுத்துக் கேட்டால் ஒயில் டிப்ஸ்டிக் பக்கத்திலிருந்து "உஸ்ஸ்". எஞ்சினுக்குள் ரிங்கே போய்விட்டது என்று நினைத்து அன்றிரவு தூங்கவில்லை.

விஷயம் வேறு. அந்த ஹோஸிலிருந்து ஒரு சின்னக் குழாய் எஞ்சினின் ஒயில் அறைக்குப் போகிறது, அங்கே சேரும் புகையை உறிஞ்சுவதற்காக. நான் அடித்த காற்று முழுக்க அந்த வழியாக ஒயில் அறைக்குள் போயிருக்கிறது. திறந்து நிற்கும் வால்வுகள் வழியாகச் சைலன்சருக்கும் கொஞ்சம் போகும். பெரிய கம்ப்ரசர் வைத்து அடித்திருந்தால் ஒயில் சீல் பிதுங்கியிருக்கும். கால் பம்ப் என்னைக் காப்பாற்றியது.

ஆகவே எஞ்சினையே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். டர்போவிலிருந்து காற்று வெளியேறும் வாயில் ஹோஸைக் கழற்றுங்கள். மறுமுனையில், திராட்டில் பொடியில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வாயில்) நுழைகிற ஹோஸையும் கழற்றுங்கள். இடையில் இருப்பது இரண்டு ஹோஸும் இன்டர்கூலரும் (அமுக்கிய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) மட்டும். இரண்டு முனையையும் மூடி அந்தப் பகுதியை மட்டும் ஊதிப் பார்க்கிறோம். கால் பம்ப் தாராளமாகப் போதும்.

மூடிக்கு எஸ்லோன் குழாய். நான்கு விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மூடியைப் பசை போட்டு ஒட்டினேன். மற்றப் பக்கம் ஹோஸுக்குள் போகும். ஹோஸின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். எனக்கு ஒன்று 50 மி.மீ., மற்றது 40 மி.மீ., கொஞ்சம் தளர்வாக இருந்ததால் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். ஒரு மூடியில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வு. ரப்பர் வால்வை இழுத்துப் பொருத்துவதற்குள் கை புண்ணாகும். நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வுதான் என் தேர்வு. இரண்டு மூடியையும் ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள்.

10 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம். எஸ்லோன் காற்றழுத்தத்தில் உடைந்தால் கூர்மையாகச் சிதறும், மூடி கழன்றால் துப்பாக்கிக் குண்டு போலப் போகும். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

முதல் தடவை முள் பத்துக்குப் போய், நான் நிமிர்வதற்குள் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே போத்தலில் ஊற்றி எல்லா இடத்திலும் அடித்தேன். மேலே ஒன்றுமில்லை. இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு அருகே உள்ள மடிப்பில், கடுகளவு நுரை ஒன்று கிளம்பியது. மனைவி பம்பை மிதிக்க மிதிக்க அது பால் பொங்குவது போலப் பொங்கி வழிந்தது. காற்றை விட்டதும் மறைந்தது. வெறும் கையால் தடவினால் வெடிப்பு தெரியவே இல்லை. அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கிறது. கராஜில் யாரும் பார்க்காததில் ஆச்சரியமில்லை.

படி 4: மாற்றுவது

பழைய ஹோஸைக் கையோடு உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோங்கள். போனில் படம் காட்டினால் "அதேதான்" என்று வேறொன்றைத் தருவார்கள். கழற்றிய பழைய ஹோஸை வாங்காதீர்கள், அதுவும் அதே வயதுதான். புதியதைப் போட்ட பிறகு 10 பிஎஸ்ஐ ஐந்து நிமிடம் அசையாமல் நின்றது. கொட்டாவையில் 168 காட்டியது. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்திருந்தால் செயலியில் பி0299 என்று இருக்கலாம், டர்போ அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அதை அழித்துவிடுங்கள்.

நீடித்து உழைக்குமா என்று கேட்பவர்களுக்கு

உழைக்கும், ஒயிலில் கஞ்சத்தனம் காட்டாவிட்டால். டொயோட்டா ஜப்பானில் பெற்றோல் டர்போ கார்களுக்குச் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். கடினமான பாவனைக்கு அதில் பாதி. பொரளையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலை ஐந்து மணிக்கு வருவது கடினமான பாவனை இல்லையென்றால் வேறு எது? ஏழெட்டுக் கிலோமீற்றர்தான் ஓடும், எஞ்சின் ஒரு மணித்தியாலம் கொதிக்கும். நான் 4,000இல் மாற்றுகிறேன். டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் அதிகம் மிதிக்கும்போது சின்ன டர்போக்களில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் தொல்லையைக் கட்டுப்படுத்தவும் சேர்த்து 2020இல் வந்த தரம் அது.

கார் வாங்கப் போகிறவர்கள் டைமிங் பெல்ட்டை (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பெல்ட்) விசாரியுங்கள். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட்டின் ஆரம்பப் பதிப்புகளிலும் பேஜோவின் 1.2 பியூர்டெக்கின் முந்தைய பதிப்புகளிலும் அந்த ரப்பர் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெல்ட் உதிர்ந்தால் துகள்கள் ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும், ஒயில் அழுத்தம் விழும். ரைஸிலும் சுசுகியின் 658 சிசி ஆர்06ஏ டர்போவிலும் செயின்தான். ஃபோக்ஸ்வாகன், அவுடி 1.0இல் பெல்ட், ஆனால் ஒயிலுக்கு வெளியே.

பின்சேர்க்கை

தெஹிவளையிலிருந்து ஒருவர்: ஐபோனில் அடாப்டர் இணையவில்லை. பழைய ப்ளூடூத் வகை ஐபோனுக்கு ஒத்துவராது, ப்ளூடூத் 4.0 என்று எழுதியதை வாங்குங்கள்.

இன்னொருவருக்கு இரண்டு ஹோஸும் புதியது, ஆனாலும் முள் இறங்கியது. அவருடைய காரில் பைபாஸ் வால்வு (மிஞ்சும் காற்றழுத்தத்தை விடுவது) அந்தக் குழாயிலேயே இருந்தது, காற்று அது வழியாகத் தப்பியது. இதை நான் எழுதாமல் விட்டது என் தவறு. அப்படி ஒன்று இருந்தால் சோதிக்கும்போது அதன் வாயையும் அடையுங்கள்.

நுவரெலியாவிலிருந்து வந்த கேள்வி: சாவியைப் போட்டால் 100 இல்லை, 81 காட்டுகிறது, சென்சர் போய்விட்டதா? இல்லை. நீங்கள் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறீர்கள், அங்கே காற்றே அவ்வளவுதான். அந்த 81ஐக் குறித்துவைத்து, அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.