லேசர் சிகிச்சை: வரலாற்றிலும் வீட்டிலும் நேரும் பிழைகள்

குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை என்பது, புண் ஆறுவது போன்றவற்றுக்காக, உடலைச் சுடாத அளவு மெல்லிய ஒளியைச் செலுத்துவது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும், லேசரைக் கண்டுபிடித்தவரே அவர் என்பதுபோல, ஐன்ஸ்டைனில் ஆரம்பிக்கிறார்கள். 1917-இல் அவர் தந்தது தூண்டப்பட்ட ஒளி உமிழ்வு, அதாவது மேலே படும் ஒளி அணுவைத் தூண்டி அதே மாதிரி ஒளியை வெளிவிட வைக்கும் என்ற கோட்பாடு மட்டும்தான். முதல் லேசரை இயக்கிக் காட்டியவர் தியோடர் மைமன். 1960 மே மாதம், கலிஃபோர்னியாவில், ரூபி படிகத்தைக் கொண்டு. மறுவருடக் கடைசியிலேயே நியூயார்க்கில் அதை வைத்து ஒருவரின் விழித்திரைக் கட்டியை அழித்தார்கள்.

ஒளி மருத்துவமே லேசரோடுதான் பிறந்தது என்பதும் பிழை. தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை தந்த மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார்.

அதிகம் திரிந்துபோன கதை ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டருடையது. முடி வளர்க்க லேசரைக் கண்டுபிடித்தவர் என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் அவர் பார்க்க நினைத்தது புற்றுநோயை. பாஸ்டனில் ரூபி லேசர் எலிக் கட்டிகளை அழித்ததைத் தானும் செய்து பார்க்க முயன்றார். அவரிடம் இருந்த லேசருக்கோ அவ்வளவு திறன் இல்லை. கட்டி அப்படியே இருந்தது. ஆனால் எலியின் உடலில் மழித்த இடத்தில் முடி வேகமாக முளைத்தது, காயமும் சீக்கிரம் ஆறியது. பிறகு ஆறாத புண் உள்ள நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்தினார். ஆக, இந்தச் சிகிச்சைக்கு வழி காட்டியதே லேசரின் பலவீனம்தான்.

இதைக் கவனிக்காததால்தான் பலரும் அளவில் கோட்டை விடுகிறார்கள். பத்து நிமிடத்தில் பலன் கிடைத்தால் அரை மணி நேரத்தில் மும்மடங்கு கிடைக்கும் என்பது இங்கே எடுபடாது. அளவு குறைந்தால் விளைவில்லை, கூடிப்போனால் கிடைத்த பலனும் போய்விடும். வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவியின் பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண் மட்டும் போதாது. அலைநீளம், நேரம், ஒளி விழும் பரப்பு எல்லாமே கணக்கில் வரும். சிவப்பும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியும்தான் வழக்கம். லேசரே வேண்டும் என்றும் இல்லை, எல்இடி விளக்கிலும் செய்கிறார்கள்.

அப்புறம் கண். அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்கான பாதுகாப்புக் கண்ணாடியைப் போடாமல் விடுவது பெரிய ஆபத்து. சந்தேகமான கட்டி மேல் வீட்டுக் கருவியை வைப்பதும் கூடாது. புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளியைத் தருகிறார்கள், அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அது மருத்துவக் குழு அளவு குறித்துத் தருவது.