ஊர் நூலகத்தில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி? செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காரைக்குடியோ தேவகோட்டையோ பள்ளத்தூரோ, எந்த ஊராக இருந்தாலும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுதான். ஆக, பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நூலகத்தில் பற்றாக்குறை ஆளுக்குத்தான். சின்ன ஊர்களில் பெரும்பாலும் ஒரே நூலகர். கதவு திறப்பது முதல் கணக்கு எழுதுவது வரை எல்லாம் அவர் தலையில். வாரத்தில் இரண்டு மணி நேரம் நீங்கள் போய் நின்றாலே அவருக்குப் பெரிய ஆறுதல்.

முதல் படி: உறுப்பினர் ஆகுங்கள், பிறகு கேளுங்கள்

காப்புத்தொகையும் சந்தாவும் கட்டி முதலில் உறுப்பினராகுங்கள். சில நாள் சும்மா போய் வாசியுங்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் நாளிதழ் பார்க்க வருபவர்களின் கூட்டம் இருக்கும். அது கலைந்த பிறகு நூலகரிடம் பேசுங்கள்.

"சார், வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் வர்றேன். எந்த வேலை முடியாம நிக்குது, சொல்லுங்க, செய்யுறேன்." இவ்வளவு போதும். நீங்களே ஒரு திட்டம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அவருக்கு எது தேவை என்பது அவருக்குத்தான் தெரியும்.

மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னால், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி நூலகர் மூலமாகவே அனுப்புங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, ராயவரம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். முகவரியை மாற்றி எழுதிவிடாதீர்கள். வாசகர் வட்டம் இருந்தால் அதிலும் சேர்ந்துகொள்ளுங்கள். கூட்டம் நடத்த, நன்கொடை திரட்ட அதுதான் வழி.

இரண்டாம் படி: அலமாரி

புதிதாக வருபவருக்கு, புத்தகங்களை அதனதன் இடத்தில் வரிசையாக அடுக்குவதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரு புத்தகம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டால், பதிவேட்டில் இருந்தும் கேட்பவர் கைக்கு அது கிடைக்காது.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். புத்தகம் எந்தப் பாடம் என்பதை அதிலுள்ள எண் சொல்லும். டூயி தசம முறை என்ற எண் வகைப்பாடு என்றால் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதன் கடைசியில் 1 சேர்ந்தால் கவிதை, 2 சேர்ந்தால் நாடகம், 3 சேர்ந்தால் கதை, நாவல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த கோலன் முறை என்றால் ஆங்கில ஓ எழுத்தும் 31-ம் தமிழ் இலக்கியத்தைக் குறிக்கும். அங்கேயும் கதைக்கு 3-தான்.

கை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 894.8113, 894.812 இரண்டில் எது முன்னால்? 8113 பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும்: 8, 1 வரை சமம், அடுத்து 1, 2. ஆகவே 894.8113 முதலில் வரும். 894.812 மலையாள இலக்கியம், அதற்கு அடுத்துத்தான். இது பிடிபட்டுவிட்டால் மற்றது தானாக வரும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி முழுவதையும் ஒரே நாளில் கீழே இறக்க வேண்டாம்.

பதிவேட்டில் நீங்களாக எதுவும் எழுதாதீர்கள், கிழிந்த புத்தகத்தைக் கழிக்காதீர்கள். அது நூலகரின் பொறுப்பு. கணக்குக் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: பூட்டிய வீடுகளின் புத்தகங்கள்

நம் பகுதிக்கே உரிய வேலை இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பெரிய வீடுகள் பல, வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் கூடி வீட்டை ஒழிக்கும்போது தூணும் பீங்கானும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும். காகிதம் மட்டும் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்கு. வீடு ஒழிக்கும் சேதி கேட்டதும் போய்ச் சொல்லி வையுங்கள்: "ஆச்சி, பேப்பர் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒருக்க நாங்க பாத்துக்கிறோம்." மறுப்பவர் குறைவு.

வந்ததை மூன்றாகப் பிரியுங்கள். நல்ல நிலையில் உள்ள நாவல், அகராதி, போட்டித் தேர்வு நூல்களை நன்கொடையாக நூலகரிடம் கொடுங்கள். கரையான் தின்று பொடியானது தனி. மூன்றாவது கட்டுதான் முக்கியம்: குடமுழுக்கு மலர், கல்யாண வாழ்த்துமடல், பர்மா, மலாயாவில் அச்சான சிறு நூல், நோட்டீசு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இவற்றைக்கூட விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே வைத்தது; அதுவே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இந்த மூன்றாவது கட்டு கிளை நூலக அலமாரியில் தாங்காது. வீட்டாரின் சம்மதத்தோடு அப்படிப்பட்ட ஆவண நூலகத்துக்கோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.

பழைய தாளைக் கையாளும்போது: வெயிலில் காயப் போடாதீர்கள், தாள் மொறமொறவென்று ஒடியும். நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய தூரிகையால் தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். இராமபாணப் பூச்சி தையல் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும், அங்கே பாருங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். மஞ்சளாகி எழுத்தையும் கறையாக்கிவிடும். பேனாவும் கூடாது, பென்சில்தான். பைண்டிங் வேலையை பைண்டரிடமே விடுங்கள். அவர்கள் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் பக்கம் வைக்கக்கூடாது.

நான்காம் படி: பிள்ளைகள்

மே மாத விடுமுறையில் அல்லது ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் கதை வாசியுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நீங்கள் ஒரு பக்கம், ஒரு பிள்ளை ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி வாசித்தால் நன்றாகப் போகும். முடிந்ததும் அதே புத்தகத்தை அவர்கள் பெயரிலேயே எடுத்துப் போகச் செய்யுங்கள். உறுப்பினர் படிவத்தைக் கையோடு வைத்திருங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதற்கு ஏதாவது செய்வதானால் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். தீபாவளி விடுமுறை குறுக்கே வந்தால், கடைசி வாரத்தில் யாரையும் பிடிக்க முடியாது.