ஒரு சபையாக அகதிக் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்வது எப்படி? கனடாவில் இந்த வேலையில் முதல் தடவை இறங்கும் சபைகளுக்கு

எங்கள் தேவாலயச் சபை ஸ்பொன்சர் செய்த, அதாவது பொறுப்பெடுத்து அழைத்த, முதல் குடும்பம் வந்து இறங்கிய இரவு, ஃபிரிட்ஜ் நிறையச் சாப்பாடு வைத்திருந்தோம். கட்டில்களுக்குப் புதுப் போர்வை, பிள்ளைகளுக்கு பொம்மை, எல்லாம் தயார். உள்ளே நுழைந்த தகப்பன் ஃபிரிட்ஜைத் திறக்கவேயில்லை. கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் நடந்தார். வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவர் தன் தாய்க்குச் சொல்ல வேண்டும். எங்கள் சாமான் பட்டியலில் 62 பொருட்கள் இருந்தன. வைஃபை இல்லை.

இப்படிப் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் படித்தோம். புதிதாக இறங்கும் சபைகளுக்கு அதையே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம்தான் பொதுமக்களே அகதிகளை ஸ்பொன்சர் செய்ய வழி திறந்தது. 1979 மார்ச்சில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மெனனைட் மத்தியக் குழு, அதாவது ஒரு கிறிஸ்தவ அமைப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து சுமார் 60,000 பேர் வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோரை ஏற்றுக்கொண்டவர்கள் இப்படிப்பட்ட சபைகளும் அயலவர்களும்தான். 1986இல் அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் நான்சென் விருது கனடிய மக்களுக்கே கிடைத்தது. (அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்கள் ஸ்பொன்சரில் வந்தவர்கள் அல்ல. ஆனாலும் இந்தக் கதையை எழுதும்போது அது என் மனதுக்கு வராமல் போகாது.)

படி 1: எந்தக் கதவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரசுடன் நிரந்தர ஒப்பந்தம் வைத்திருக்கும் அமைப்புகளை எஸ்.ஏ.எச். என்பார்கள். இவற்றில் பெரும்பகுதி மத அமைப்புகள். உங்கள் சபை சேர்ந்திருக்கும் மறைமாவட்டமோ பேராயமோ அப்படி ஒன்றாக இருக்கக்கூடும். முதலில் அங்கே கேளுங்கள். அவர்களின் கீழ் ஓர் உறுப்புக் குழுவாக நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இத்தனை பேர் என்று அவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு, ஆகவே வரிசையும் உண்டு.

ஐந்து பேர் சேர்ந்து விண்ணப்பிக்கும் வழி இன்னொன்று. அதற்கான புதிய விண்ணப்பங்களை 2024 நவம்பர் 29இல் அரசு நிறுத்தி வைத்தது. இந்த வழியை நம்பிக் கூட்டம் போடுவதற்கு முன் குடிவரவு அமைச்சின் தளத்தில் இன்றைய நிலையைப் பாருங்கள். கியூபெக்கில் இருந்தால் அங்கே விதிகளே வேறு.

பெயர் சொல்லி ஒருவரை அழைக்கும் விண்ணப்பம் என்றால் காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் போகும். சபையின் உற்சாகம் அதுவரை தாங்குமா என்று யோசியுங்கள். யாரையும் குறிப்பிட்டு அழைக்க வேண்டியதில்லை என்றால் பி.வி.ஓ.ஆர். என்ற கலப்புத் திட்டம் நல்லது. ஐ.நா. அகதிகள் அமைப்பு பரிந்துரைத்த குடும்பம். வருமான உதவியில் ஆறு மாதம் வரை அரசு தரும், மிச்சமும் ஆரம்பச் செலவும் உங்களுடையவை. முதல் தடவைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

படி 2: குழு

ஆறேழு பேர் போதும். வீடு, பணம், பள்ளிக்கூடம், மருத்துவம், மொழி என்று ஆளுக்கொரு வேலை. குடும்பத்தோடு நேரடியாகப் பழகுகிறவர்கள் காவல்துறைப் பதிவுச் சோதனை எடுத்துவிடட்டும். ஆர்.எஸ்.டி.பி. என்ற பயிற்சித் திட்டம் ஸ்பொன்சர்களுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறது. போதகர் தலைவராக இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. குடும்பத்துக்குக் குழுவோடு ஒரு மனக்கசப்பு வந்தால் போய்ச் சொல்ல ஓர் ஆள் வெளியே வேண்டும்.

படி 3: பணம்

பொறுப்பு பொதுவாக 12 மாதம். வாடகை, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். குடும்ப அளவுக்கு ஏற்ற குறைந்தபட்சத் தொகையை அமைச்சு அட்டவணையாகத் தருகிறது. பெரிய நகரத்தில் வாடகையே அதை விழுங்கிவிடும், மேலே கொஞ்சம் திரட்டுங்கள்.

இரண்டு விதிகளை முதல் கூட்டத்திலேயே எழுதி ஒட்டுங்கள். ஒன்று, வருகிறவர்களிடம் முன்பணமும் வாங்கக் கூடாது, பின்னால் திருப்பிக் கேட்கவும் கூடாது. இரண்டு, பிள்ளைகளுக்கு அரசு தரும் கொடுப்பனவு குடும்பத்தின் பணம். அதைக் காட்டி உங்கள் மாதத் தொகையைக் குறைக்காதீர்கள். பயணத்துக்கு அவர்கள் அரசிடம் கடன் எடுத்திருக்கலாம். 2018இலிருந்து அதற்கு வட்டி இல்லை. அது இருக்கிறதா என்று கேட்டு, அவர்களுடைய மாதக் கணக்கில் சேர்த்துக் காட்டுங்கள்.

மாதத் தொகையை நேராக அவர்களுடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். எங்கள் பொருளாளர் நல்ல மனுஷர், ஆனால் கணக்காளர். முதல் மாதம் ரசீது கேட்டார். அந்தத் தாய் கடை ரசீதுகளை நாள்வாரியாக மடித்து, ரப்பர் பட்டி போட்டு, தலையைக் குனிந்துகொண்டே நீட்டினார். சாக்லேட் வாங்கிய வரியைப் பேனாவால் அடித்திருந்தார். அன்றோடு ரசீது கேட்பதை விட்டோம்.

படி 4: வீடு

கடைசியில் அவர்களே வாடகை கட்டக்கூடிய வீடாகப் பாருங்கள். பதின்மூன்றாம் மாதம் யார் கட்டுவது? பஸ் நிறுத்தமும் பலசரக்குக் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். தளபாடத்தை முழுக்க நிரப்பாதீர்கள். கட்டில், மேசை, சமையல் பாத்திரம், வைஃபை போதும். மிச்சத்தை அவர்களே தெரிவு செய்யட்டும். கிழிந்த சோபாவை நன்கொடை என்று அனுப்புகிறவரிடம் "வேண்டாம்" சொல்ல ஒருவரை நியமியுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

படி 5: விமான நிலையமும் முதல் வாரங்களும்

மூன்று பேர் போங்கள், அதில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர். சபை முழுக்கப் பதாகையோடு திரள வேண்டாம். நீல எழுத்துப் போட்ட ஐ.ஓ.எம். (சர்வதேச குடிபெயர்வு அமைப்பு) பையைத் தேடினால் ஆட்களைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பைக்குள்தான் அவர்களுடைய ஆவணங்கள் எல்லாம். பையை நீங்கள் வாங்கித் தூக்காதீர்கள், அவர்கள் கையிலேயே இருக்கட்டும். அப்புறம் தூங்க விடுங்கள்.

அடுத்த நாட்களில் ஓட வேண்டியவை: சமூகக் காப்புறுதி எண், வங்கிக் கணக்கு, மாகாண மருத்துவ அட்டை, பிள்ளைகள் கொடுப்பனவு விண்ணப்பம், பள்ளிப் பதிவு, பெரியவர்களுக்கு மொழி மதிப்பீடு. லிங்க் (LINC) என்ற, புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பு இலவசம். அவர்கள் வந்து இறங்கும்போதே நிரந்தர வதிவாளர்கள், ஆகவே வேலைக்கும் போகலாம். இதெல்லாம் வரிசையில் நிற்கும் வேலைதான், கஷ்டமில்லை.

கஷ்டம் மருத்துவத்தில். ஒரு கிளினிக்கில் 11 வயது மகள் தன் தாயின் கருச்சிதைவை மருத்துவருக்கு மொழிபெயர்த்தாள். எங்கள் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நிறுத்தத் தோன்றவில்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். நேரம் பதியும்போதே தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

ஆராதனைக்கு அழைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அழைக்காதீர்கள். வாடகை கட்டுகிற ஆள் அழைத்தால் அவர்களால் எப்படி மறுக்க முடியும்? அவர்களாகக் கேட்டால் நேரத்தைச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

படி 6: கையை எடுப்பது

நான்காம் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக விடுங்கள். காரில் கூட்டிப் போவதை நிறுத்தி, ஒரு தடவை கூடவே பஸ்ஸில் போங்கள். தொலைபேசியில் நீங்கள் பேசியதை அடுத்த தடவை அவர்கள் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எங்களுக்குப் பிடிக்காத வேலையை அந்தத் தகப்பன் எடுத்தார், வகுப்பைப் பாதியில் விட்டார். ஒரு கூட்டம் முழுக்க அதைப் பற்றியே கதைத்தோம், அவர் இல்லாமல். அந்தக் கூட்டம் வைத்ததுதான் பிழை.

பன்னிரண்டாம் மாதம் முடிகிறபோது வாடகை ஒப்பந்தம், இணையம், மின்சாரம் எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று ஒரு தடவை பாருங்கள். எங்கள் விஷயத்தில் மின்சாரக் கணக்கு பதினான்காம் மாதம் வரை பொருளாளர் பெயரிலேயே ஓடியது. அந்தத் தகப்பன்தான் பொருளாளருக்குப் போன் எடுத்து, "உங்கள் பெயரை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டார்.