வரப்புல இருக்கற புனல்வலை சிலந்திய கண்டுபிடிச்சு பாக்குறது எப்படி?

மார்கழி, தை மாசத்துல காலங்காத்தால வரப்பு பக்கம் போங்க. அருகம்புல் மேல வெள்ளையா தட்டையா வலைங்க விரிஞ்சு கெடக்கும், பனித்துளி கோத்து நிக்கறதால அப்பதான் பளிச்சுனு தெரியும், வெயில் ஏறினா அதே வலை அங்கயேதான் இருக்கும் ஆனா கண்ணுக்கு சிக்காது. சூரியனுக்கு எதிர்முகமா நின்னு பாருங்க. பனி இல்லாத மாசம்னா ஸ்பிரேயர்ல மெல்லிசா தண்ணி அடிச்சா போதும்.

வலையோட ஒரு ஓரம் புனல் மாதிரி குவிஞ்சு புல்லடிக்கோ மண் வெடிப்புக்கோ உள்ள போகும், அந்த வாசல்லதான் சிலந்தி உக்காந்திருக்கும். இது ஹிப்பாசா பேரினம், ஓநாய் சிலந்தி குடும்பம். அந்தக் குடும்பத்துல முக்கால்வாசி வலை கட்டாம ஓடித்தான் வேட்டையாடும், வலை கட்டறது கொஞ்சந்தான், அதுல இது ஒண்ணு. வலைல பசை கெடையாது, மேல விழுந்த பூச்சி கால் சிக்கி தடுமாறுற அதிர்வு போதும், பாய்ஞ்சு வந்து புடிச்சு உள்ள இழுத்துட்டு போயிடும், அந்த வேகத்த ஒரு தடவ பாத்தா விடவே மாட்டீங்க.

கிட்ட போறப்ப தரை அதிராம மெதுவா போய் குத்த வெச்சு உக்காருங்க, உங்க நெழல் வலைல விழக்கூடாது. உள்ள ஓடிட்டா அசையாம காத்திருங்க, திரும்ப வரும். வரலன்னா புல்லு நுனியால வலைய லேசா அதிர விடுங்க. குச்சி விட்டு நோண்டவே நோண்டாதீங்க.

போன்ல மூஞ்சிய குளோசப் எடுத்தா கீழ வரிசைல நாலு சின்ன கண்ணு, மேல ரெண்டு பெரிய கண்ணு, அதுக்கு பின்னாடி இன்னும் ரெண்டுன்னு தெரியும். ராத்திரி டார்ச்ச கண்ணுக்கு பக்கத்துல வெச்சு அடிச்சா அந்த கண்ணுங்க மின்னும். வயித்து நுனில உருண்டையா ஒண்ணு ஒட்டியிருந்தா முட்டைப்பை, குஞ்சு பொரிச்சதும் எல்லாம் அம்மா முதுகுல ஏறிக்கும். அந்த நேரத்துல தொந்தரவு வேணாம்.

ஆளக் கொல்ற சிட்னி புனல்வலை சிலந்தி ஆஸ்திரேலியாவுல இருக்கறது, அது வேற குடும்பம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனாலும் கையில புடிக்க வேணாம்.

விவசாயம் பண்றவங்க ஒண்ணு பண்ணுங்க, தத்துப்பூச்சி, அந்துப்பூச்சின்னு இது நமக்காகத்தான் தின்னுது, அதனால வரப்பு செரைக்கறப்ப ஒரு பக்கத்து புல்ல விட்டுட்டு அடுத்த பக்கம் துளிர்த்த பிறகு செரைங்க, களைக்கொல்லி அடிக்காதீங்க.